சின்ன மேசை டெல்மர்

ஆசன் குடும்பத்துப் பந்தியில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணம் ஆனவர்களுக்குப் பெரிய மேசை, ஆகாதவர்களுக்குச் சின்ன மேசை. அந்த வீட்டு மூத்த மகள் ஆர்டிஸின் அம்மா போட்ட சட்டம் அது. அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. சட்டம் மட்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. போன ஜூனில் தாலி... இல்லை, மோதிரம் மாற்றிக்கொண்ட பெண், நேற்றுவரை பல்லுக்குக் கம்பி போட்டிருந்தவள், நவம்பரில் வான்கோழி சமைத்துக் கொண்டாடுகிற நன்றித் திருநாளன்று புருஷன் பக்கத்தில் ஜம்மென்று பெரிய மேசையில் உட்காருவாள். ஐம்பதைத் தாண்டிய டெல்மர், மீசையெல்லாம் நரைத்தவன், பின்பக்கத்துக் கண்ணாடித் தாழ்வாரத்தில், சீட்டாடுகிற மடக்கு மேசையில், முழங்கால் காதைத் தொட, பிள்ளைகளோடு குந்தியிருப்பான்.

டெல்மர் ஆர்டிஸின் கடைசித் தம்பி. குளிர்காலத்தில் கவுன்டி, அதாவது ஜில்லா ரோட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான், கோடையில் அதே ரோட்டின் ஓரத்துப் புல்லை வெட்டுவான். அவனுக்குப் பெண் கிடைக்காமல் இல்லை. பக்கத்து ஊர் பாங்கில் வேலை பார்த்த ஒருத்தி வீட்டுக்கு வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் காபி குடிக்கப் போனான். அவளும் இன்று கேட்பான், நாளை கேட்பான் என்று கேக் செய்து செய்து அலுத்துப் போனாள். கடைசியில் விதை விற்க வந்தவன் ஒருவன் இரண்டே வாரத்தில் கேட்டுவிட்டான், அவளும் சரி என்றுவிட்டாள்.

"ஏன்டா கேக்கல?" என்று ஆர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேக்கத்தான் போனேன்கா. காபி நல்லா இருந்துச்சு" என்றான் டெல்மர்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அமெரிக்காவில், மினசோட்டா மாகாணத்தின் மேற்குக் கோடியில், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் அது. அந்த ஊரே வாயில் கொழுக்கட்டை வைத்த ஊர். அங்கே ஒன்றை வானளாவப் புகழ வேண்டுமானால் "மோசமில்ல" என்பார்கள். கல்யாண உடையில் ஆர்டிஸைப் பார்த்த மாப்பிள்ளை வெர்னன் சொன்னதும் அந்த ஒரே சொல்தான். அவள் அதற்கு ஒரு வாரம் பூரித்துப்போய்த் திரிந்தாள். இப்பேர்ப்பட்ட ஜனங்கள் வருஷத்தில் ஒரு நாள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக வாயைத் திறந்து நன்றி சொல்லியாக வேண்டும் என்று விதித்தவன் யாரோ, அவனுக்கு நல்ல குறும்பு.

ஆனால் சின்ன மேசையில் டெல்மர் வேறு ஆள். ஒரு வருஷம் மடக்கு மேசையில் குழம்புச் சட்டி கவிழ்ந்து, அடிதடி ஆகி, நான்கு பிள்ளைகள் ஒரே சுருதியில் அலறினார்கள். டெல்மர் லாரிக்கு ஓடினான். லைப்ரரிக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரோ அவனிடம் தந்திருந்த படப் புத்தகம் ஒன்று அங்கே கிடந்தது. எடுத்து வந்து வாசித்தான். அலறல் நின்றது. அவ்வளவுதான், அன்றோடு அது வழக்கமாகிவிட்டது. பிறகு கோடை முழுக்க ஊர் லைப்ரரியின் குழந்தைகள் பிரிவில், அந்தக் குட்டி நாற்காலியில் அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து புத்தகம் தேடுவான். நவம்பர் வந்தால் லாரி ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் பழகுவான். ஒரு நாள் வயர்லெஸ் மைக்கின் பொத்தான் அழுந்தி மாட்டிக்கொண்டது. பூசணிப் பணியாரம் ஜன்னல் வழியே குதித்து ஓடிய கதையை, நரிக்குரல் அணில்குரல் எல்லாம் சேர்த்து, கவுன்டியின் ரோட்டு ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். மறுநாள் யாரும் மூச்சுவிடவில்லை. மேஸ்திரி மட்டும் காபி ஊற்றும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த அணில் மோசமில்ல" என்றார்.

ஆர்டிஸுக்கு இந்தப் புத்தகங்களோடு ஒரு சண்டையும் உண்டு. வான்கோழிக் கதை எதை எடுத்தாலும் வான்கோழி தப்பித்துவிடும். வைக்கோலில் ஒளியும், மாறுவேஷம் போடும், கடைசியில் அந்த வீட்டார் பட்டாணி சூப் குடித்துவிட்டுப் படுப்பார்கள். ஒரு வருஷம் கதை முடிந்ததும் சின்ன மேசை மொத்தமும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. ஒருத்தி தன் தட்டிலிருந்த வான்கோழிக் காலைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொட்டகைப் பக்கம் புதைத்து, குச்சியால் சிலுவையும் நட்டுவிட்டு வந்தாள்.

"வான்கோழி சாகாத புத்தகம் இனிமே என் வீட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் ஆர்டிஸ்.

"அக்கா, வான்கோழி சாகுற குழந்தைப் புத்தகம் உலகத்துலயே கிடையாதுக்கா" என்றான் டெல்மர்.

இத்தனைக்கும் அவன் வாசித்து அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை. சுவர் தாண்டி வந்த சிரிப்பையும் கூச்சலையும் கேட்டதோடு சரி. தாழ்வாரத்தில் பிள்ளைகள் கூடியிருக்கும்போது அவள் அந்தப் பக்கம் போவதில்லை. அவளுக்கும் வெர்னனுக்கும் பிள்ளை இல்லை. தங்கும் தங்கும் என்று பார்த்துத் தங்காமல் போனவை உண்டு. மாடியில் ஒரு சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். பிறகு அதில் தையல் மெஷினைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிய பேச்சு அவ்வளவே. பந்தியில் வந்து நிற்கிற பிள்ளைகளெல்லாம் இன்னொரு தம்பி கேலனின் பேரப்பிள்ளைகள். தங்கள் அப்பாமார் கூப்பிடுவதையே பிடித்துக்கொண்டு ஆர்டிஸை அத்தை, வெர்னனை மாமா, டெல்மரைச் சித்தப்பா என்பார்கள்.

இந்த ஏப்ரலில், விதைப்பு நேரத்தில், வெர்னன் டிராக்டரில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஆர்டிஸ் யார் முன்னாலும் அழவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவளே சாண்ட்விச் வெட்டிக் கொடுத்தாள். ஆனால் பெரிய மேசையின் தலைமாட்டில் கை வைத்த நாற்காலி ஒன்று, வெர்னனுடையது, அவளுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அவளால் முடியவில்லை. ஏப்ரலிலிருந்து சமையல்கட்டில் நின்றுகொண்டே தின்கிறாள். நன்றித் திருநாளன்று நின்றுகொண்டு தின்ன முடியுமா? அந்த நாற்காலி காலியாக எதிரே கிடந்தால், அத்தனை பேர் நடுவில் தான் உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது. அந்த ஊரில் அதைவிட மானக்கேடு இல்லை. யாரையாவது அதில் உட்கார வைத்தே ஆக வேண்டும்.

முந்தின நாள் டெல்மர் உருளைக்கிழங்கு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான்.

"நாளைக்கு நீ பெரிய மேசைல உக்காரு. அவர் நாற்காலில" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்கா."

அவள் அசரவில்லை. அந்த ஊரில் காபி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை "சரி, வேணும்னா அரை கப்" என்பார்கள். உடனே சரி என்பவன் காணாததைக் கண்டவன்.

"சும்மா உக்காருடா. எத்தனை வருஷம்தான் முட்டியை மடக்கிட்டு உக்காருவ?"

"வேண்டாம்கா, நான் அங்கயே இருந்துக்கறேன்."

"அந்தக் கறியை அறுக்கவும் ஒரு ஆள் வேணும்ல?"

"வேண்டாம்கா" என்றான் மூன்றாவது தடவையும். சட்டப்படி அது சரி என்று வந்திருக்க வேண்டும். ஆர்டிஸ் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பெரிய இடமல்லவா, அதனால் கூட ஒரு தடவை மரியாதை பண்ணுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்றால் வேண்டும் என்று கேட்டே பழகிய காது அது. நிஜமான வேண்டாம் ஒன்று வந்து நின்றபோது அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"டை கட்டிட்டு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் டை கட்டி, தலையை நனைத்து வாரி, வெறுங்கையோடு வந்தான். பிள்ளைகள் வாசலிலேயே மொய்த்துக்கொண்டார்கள்.

"புத்தகம் எங்க சித்தப்பா?" என்றாள் பிரிட்டா, முதல் வகுப்புக்காரி.

"நான் இன்னிக்குப் பெரியவங்க மேசைம்மா."

பிரிட்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணீங்க?"

பந்தி ஆரம்பித்தது. வான்கோழி, உருளைக்கிழங்கு ரொட்டி, பச்சை ஜெல்லிக்குள் கேரட் துருவல், எல்லாம் வழக்கப்படி. கை வைத்த நாற்காலியில் டெல்மர் நுனியில் தொற்றிக்கொண்டு, மரம் அறுக்கிறவன் மாதிரி கறியை அறுத்தான். பிறகு நன்றி சொல்லும் சுற்று வந்தது. கேலன், "வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் போட்டேன், அதுக்கு" என்றார். அவர் மனைவி, "உடம்பு சுகத்துக்கு." ஜூனில் கல்யாணம் முடித்தவள் டெக்சாஸ்காரி, பாவம், விஷயம் தெரியாமல் எல்லோரையும் எவ்வளவு நேசிக்கிறாள் என்று கண்ணில் நீர் வரச் சொல்லிவிட்டாள். மேசை முழுக்கத் தலைகுனிந்து குழம்பைப் பார்த்தது. டெல்மர் முறை வந்தது. "இந்த... ரொட்டிக்கு" என்றான்.

"மழைக்கு" என்றாள் ஆர்டிஸ்.

வெர்னன் பெயரை யாரும் எடுக்கவில்லை. நாற்காலி நிறைந்திருந்தது, உண்மைதான். ஆனால் அதில் டெல்மர் இல்லை. டையைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. காலியாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வெறிச்சென்று இருந்திருக்காதே என்று ஆர்டிஸுக்குப் பட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், தாழ்வாரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அத்தனை பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கரண்டி விழுகிற ஓசைகூட இல்லை.

கதவு திறந்தது. பிரிட்டா வந்து ஆர்டிஸின் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, சித்தப்பாவோட தண்டனை எப்ப முடியும்?"

"தண்டனையா? இது பெரிய மரியாதைடி!"

பிரிட்டா நம்பவில்லை. "வெர்னன் மாமாவும் இல்ல. சித்தப்பாவும் வரலைன்னா நாங்க என்னதான் பண்றது?"

"வெர்னன் மாமா என்னிக்குடி அங்க வந்தாரு? அவரு இடம் இது."

"இது இல்ல அத்தை" என்றாள் பிரிட்டா, பொறுமையாக, விவரம் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல. "அவரு இடம் அங்க இருக்கு. வாங்க, காட்டறேன்."

மேசையில் எல்லோரும் கறியை மெல்லுவதை நிறுத்தினார்கள். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டான். ஆர்டிஸ் எழுந்தாள்.

தாழ்வாரத்தில் மடக்கு மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு இடம் விட்டிருந்தது. அங்கே கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி, அதன்மேல் மாடி அறையில் காணாமல் போனதாக அவள் தேடிக்கொண்டிருந்த மெத்தைத் துண்டு. எதிரே சுத்தமான தட்டு. தட்டில், பிள்ளைகள் கையைக் காகிதத்தில் பதித்துக் கோடு போட்டு வெட்டுகிற வான்கோழி ஒன்று. கட்டைவிரல் தலை, மற்ற விரல்கள் இறகு. அதன் வயிற்றில் கோணல்மாணலாக "வெர்னன் மாமா" என்று எழுதியிருந்தது.

செத்தவருக்கு இலை போட்டு வைத்திருந்தன அந்தப் பிஞ்சுகள். பெரிய மேசையில் ஒருத்தர் வாயிலும் வராத பெயரை எழுதி வைத்திருந்தன.

டெல்மர் பின்னாலேயே வந்து நின்றான்.

"என்னடா இது?"

"பணியாரம் வைக்கிறதுக்கு முன்னாடி அத்தான் இங்க வந்துருவாருக்கா."

"மாடு பாக்கல்ல போவாரு!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. மாட்டையெல்லாம் விற்று எத்தனை வருஷமாயிற்று! கொட்டகையில் ஒரு வால்கூடக் கிடையாது. ஆனாலும் மனுஷர் ஒவ்வொரு நன்றித் திருநாளும் தொப்பியை மாட்டிக்கொண்டு "மாட்டைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார். இவளும் ஒவ்வொரு வருஷமும் "சரி" என்றாள். எந்த மாட்டை என்று அவள் கேட்டதில்லை.

"எப்பலேர்ந்துடா?"

"முதல் புத்தகத்துலேர்ந்துக்கா."

"ஏன்டா பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

டெல்மர் தரையைப் பார்த்தான். "சொல்லாதேன்னாரு. 'நான் பசங்களோட உக்காந்து சிரிக்கறேன்னு தெரிஞ்சா, அவளுக்கு அது குத்தும்டா'ன்னாரு. நீ இந்தப் பக்கம் வரமாட்டல்லக்கா... அதான்."

ஆர்டிஸுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம்! ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பாத்திரத்தில் தின்று, சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தர். ஆனால் கோபம் நிற்கவில்லை. அவர் இங்கே சிரித்திருக்கிறார். இந்தப் பால் பெட்டியில், இந்த மெத்தைத் துண்டில், பிள்ளைக் கூட்டத்தின் நடுவில். அவருக்கு அது கிடைத்திருக்கிறது! கிடைக்கவே இல்லை என்றல்லவா அவள் இத்தனை காலம் அவருக்காகவும் சேர்த்துத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் சொன்னாள். அது கேள்வியுமில்லை, புகாருமில்லை.

"புத்தகம் எங்கடா?"

"லாரில இருக்குக்கா."

"வெறுங்கையோடதானேடா வந்த?"

"லாரில இருக்கட்டும்னு..."

"போய் எடுத்துட்டு வா. அந்த டையை அவுத்துப் போடு."

அவள் பால் பெட்டியில் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயை இடித்தது. கார்ஸ்டன், நான்கு வயசு, எதுவும் கேட்காமல் அவள் முழங்கையில் சாய்ந்துகொண்டான். அவள் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

டெல்மர் வாசிக்க ஆரம்பித்தான். அடேயப்பா! நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத தம்பியா இவன்? அடுப்புக்குத் தப்பி ஓடிய வான்கோழி ஒன்று சர்ச்சில் புகுந்து, பாடகர் அங்கியை மாட்டிக்கொண்டு பாட்டுக் குழுவில் நின்றுவிட்டது என்பது கதை. டெல்மர் பாதிரியாராக மூக்கால் பேசினான். ஆர்கன் வாசிக்கிற கிழவியாகக் கழுத்தை நீட்டினான். அவன் புருவம் ஒன்று ஏற, ஒன்று இறங்க, பிள்ளைகளின் வாய் அதோடு திறந்து மூடியது. எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சை எடுத்தான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். நிறுத்தியபோது தாழ்வாரமே மூச்சுவிட மறந்தது. ஆர்டிஸும் மறந்தாள். முழங்கால் மடக்கி உட்கார வைத்துப் பாவம் பாவம் என்று பரிதாபப்பட்டாளே, அந்த இடத்தில் இவன் ராஜாவாக இருந்திருக்கிறான். கூடப் பிறந்தவனை இந்த வயசில் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தனிப்பாட்டுக்கு முறை வந்தது" என்று வாசித்தான். "எல்லாரும் திரும்பி, மூணாவது வரிசையில நின்ன வான்கோழியைப் பாத்தாங்க. வான்கோழி வாயைத் திறந்தது..."

நிறுத்தினான். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

"என்னடி?"

"வான்கோழிக் குரல் எப்பவும் வெர்னன் மாமாதான்" என்றாள் பிரிட்டா.

"வெர்னனா? அவரு சர்ச்சுல வாயை மட்டும்தானேடி அசைப்பாரு!"

"இங்க கத்துவாரு."

"ஜன்னல் அதிரும்" என்றான் ஒரு பையன். சுவர் தாண்டிக் கேட்ட அந்தக் கூச்சல் டெல்மருடையது என்றே அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

டெல்மர் தலையாட்டினான். அவன் கண் நனைந்திருந்தது, ஆனால் புத்தகத்தைப் பிடித்த கை இறங்கவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆர்டிஸ் சர்ச் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரி. தொண்டையைச் செருமி, பதவிசாக, "க்ளொப் க்ளொப்" என்றாள்.

கார்ஸ்டன் முழங்கையிலிருந்து தலையைத் தூக்கினான். "அது கோழி" என்றான்.

"வயித்துலேர்ந்து வரணும் அத்தை" என்றாள் பிரிட்டா.

ஆர்டிஸ் மூச்சை இழுத்தாள். வயிற்றின் அடியிலிருந்து, ஏப்ரலிலிருந்து அடைத்துக் கிடந்த அத்தனையும் சேர்ந்து, "க்ளொப்-ளொப்-ளொப்-ளொப்-ளொப்!" என்று வெளியே வந்தது. கண்ணிலிருந்தும் கொட்டியது, மூக்கிலிருந்தும் கொட்டியது. பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாப்பாட்டு அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. கேலன் கையில் முள்கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றார், அவர் பின்னால் மிச்சப் பேர்.

"என்னக்கா ஆச்சு? அழறியா?"

"ஆமாடா, அழறேன்" என்றாள் ஆர்டிஸ், அத்தனை பேர் முன்னாலும். "வர்றதுன்னா உள்ள வந்து தரைல உக்காரு, வெளிச்சத்தை மறைக்காத."

கேலன் உட்கார்ந்தார். டெக்சாஸ்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்து சேர, பெரிய மேசையில் ஒரு ஆள் இல்லை.

கார்ஸ்டன் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான். தன் சட்டைக் கையால் அவள் கன்னத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி சாய்ந்துகொண்டான்.

"பக்கத்தைத் திருப்புடா டெல்மர்" என்றாள் ஆர்டிஸ். "என் முறை மறுபடியும் எப்ப வருது?"